ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு பழைய வைரஸ்கள் தலைதூக்குவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன்பு என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய்க்காக ஸ்டெம் செல் மாற்று, அதாவது மஜ்ஜை மாற்று நடந்தது. செல் கொடுத்தவள் நான். முப்பத்தெட்டாவது நாள் ரத்தப் பரிசோதனையில் ‘சிஎம்வி பாசிட்டிவ்’, அதாவது சிஎம்வி என்ற வைரஸ் ரத்தத்தில் தெரிகிறது என்று வந்தபோது வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அன்று எனக்குத் தெரியாமல் இருந்ததையெல்லாம் பிறகு டாக்டர்களையும் நர்ஸ்களையும் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டேன். வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அட்டெண்டர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை. ஒரு மாத்திரையைக் கூட்டுவதோ நிறுத்துவதோ உங்கள் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

இவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டோமே, வைரஸ் எங்கிருந்து வந்தது?

வெளியிலிருந்து வரவில்லை. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பாசிட்டிவ் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் விசாரணை தொடங்கிவிடுகிறது. மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசின சித்தப்பாவா, கை கழுவாமல் டம்ளரைக் கொடுத்த அம்மாவா என்று ஆளாளுக்குக் குற்றவாளியைத் தேடுகிறார்கள். பாவம், யாரும் ஒன்றும் செய்யவில்லை.

ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களுக்கு ஒரு குணம். ஒருமுறை உடம்புக்குள் வந்தால் பிறகு வெளியே போவதில்லை. சின்ன வயதில் சின்னம்மை போட்டுக் குளித்து எழுந்தவருக்கு அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுக்க இருக்கும். உதட்டில் கொப்புளம் தரும் வைரஸும் அப்படித்தான். சிஎம்வி என்கிற சைட்டோமெகலோ வைரஸ் தாய்ப்பாலிலோ எச்சிலிலோ குழந்தைப் பருவத்திலேயே வந்து, ஒரு சாதாரணக் காய்ச்சலாகக்கூடத் தெரியாமல் உள்ளே ஒடுங்கிவிடும். இந்தியாவில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உடம்பில் அது இருக்கிறது. இதைப் படிக்கும் உங்கள் உடம்பிலும் பெரும்பாலும் இருக்கும். நீறு பூத்த நெருப்பு மாதிரி. அது மறுபடி கனல்வதைத்தான் டாக்டர்கள் ‘ரீஆக்டிவேஷன்’ என்கிறார்கள்.

இத்தனை வருடம் சும்மா இருந்தது இப்போது ஏன் எழுந்தது? கவுண்ட்தான் ஏறிவிட்டதே?

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். நானும் விழுந்தேன். வார்டில் ‘கவுண்ட் ஏறிவிட்டது’ என்று இனிப்புக் கொடுக்கிறோமே, அது நியூட்ரோஃபில் என்ற ஒரு வகை வெள்ளணு. மாற்று நடந்து இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அது வந்துவிடும். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அது பார்த்துக்கொள்ளும். வைரஸைக் கட்டிப்போட்டு வைப்பது டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணு. அது முழுசாகத் தேறுவதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

பழைய டி செல்களை மாற்றுக்கு முன் கொடுத்த கீமோவும் ரேடியேஷனும் அழித்துவிட்டன. புதியவை இன்னும் பாலகர்கள். போதாக்குறைக்கு, வந்த செல் வீட்டுக்காரனையே தாக்கிவிடக் கூடாது என்று சைக்ளோஸ்போரினோ டாக்ரோலிமஸோ கொடுத்து அவற்றை அடக்கியும் வைத்திருக்கிறோம். அப்படித் தாக்குவதைத்தான் ஜிவிஹெச்டி என்கிறார்கள்; அது வந்து ஸ்டீராய்டும் சேர்ந்தால் காவல் இன்னும் குறையும். ஆக, கவுண்ட் நன்றாக இருக்கிற அதே வாரத்தில் வைரஸ் எழுவதில் முரண் ஏதும் இல்லை.

ஆட்டோ மாற்று செய்தவர்களுக்கும் இந்தப் பயம் உண்டா?

குறைவு. தன் செல்லையே திரும்பப் பெறுவதால் அடக்கும் மருந்து தேவைப்படாது, டி செல்லும் சீக்கிரம் தேறும். அவர்களுக்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அக்கி, அதாவது நரம்பில் ஒடுங்கியிருந்த அந்தச் சின்னம்மை வைரஸ் மறுபடி எழுவது. அதனால்தான் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், அந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை மாதக்கணக்கில் போகிறது. இந்தப் பக்கத்தில் மீதி நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அல்லோ, அதாவது இன்னொருவர் செல் பெற்றவர்களைப் பற்றியது.

எந்த வைரஸ் எப்போது வரும்?

கடிகாரம் வைத்தாற்போல வராது, ஆனாலும் ஒரு வரிசை இருக்கிறது. முதல் மாதத்தில் வாய்ப்புண் தரும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். கீமோவால் வரும் வாய்ப்புண்ணோடு கலந்து வருவதால் பிரித்தறிவது கஷ்டம். அசைக்ளோவிர் தருவதால் இப்போது அதிகம் பார்ப்பதில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் ஹெச்ஹெச்வி-6 என்ற இன்னொரு ஹெர்பிஸ் வைரஸ். மூன்றாவது வாரத்திலிருந்து நூறாவது நாள் வரை சிஎம்வியின் காலம். சிறுநீர்ப்பையைத் தாக்கும் பிகே வைரஸும், குழந்தைகளை அதிகம் படுத்தும் அடினோ வைரஸும் ஏறக்குறைய இதே சமயம். ஈபிவி என்ற வைரஸ் சற்றுப் பின்னால். அம்மை வைரஸ் பல மாதம் கழித்து, முக்கியமாக மாத்திரையை நிறுத்திய பிறகு. ஹெபடைடிஸ் பி ஒரு வருடம் தாண்டியும் வரலாம்.

சிஎம்வி பாசிட்டிவ் என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. ரத்தத்தில் வைரஸின் டிஎன்ஏ தெரிவது வேறு, அது நுரையீரலிலோ குடலிலோ உட்கார்ந்து கெடுதல் செய்வது வேறு. முதல் நிலையிலேயே பிடித்துவிடத்தான் வாராவாரம் ரத்தம் எடுத்து பிசிஆர் பார்க்கிறார்கள். காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது, ஆள் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஆனால் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ். என் தம்பி அப்படித்தான் இருந்தான். அந்த நேரத்தில் மருந்து தொடங்கிவிட்டால் பெரும்பாலோருக்கு நோய் என்ற கட்டமே வராமல் அடங்கிவிடும்.

இந்த முறை வருவதற்கு முன்பு சிஎம்வி நிமோனியா வந்தால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துபோவார்கள். சிஎம்வியை அடக்கும் கான்சைக்ளோவிர் மருந்து வந்த பிறகும்கூட, நிமோனியாவாக முற்றிவிட்டால் ஏறக்குறைய பாதிப்பேரைக் காப்பாற்ற முடிவதில்லை. மருந்து இருந்தும் தாமதமானால் நிலைமை அதுதான். வாராந்திர பரிசோதனைக்கு ஒரு தடவை லீவு விட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

வைரஸை அடக்கத் தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காவிட்டால், ஏற்கெனவே சிஎம்வி உள்ள அல்லோ நோயாளிகளில் பாதிப் பேர் அளவுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படி பாசிட்டிவ் ஆவார்கள். அபூர்வமான சிக்கல் இல்லை, எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் சிக்கல்.

ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை என்று ஒரு எண் இருக்கும். சில லேபில் ‘காப்பி’ கணக்கு, சில லேபில் ‘இன்டர்நேஷனல் யூனிட்’ கணக்கு. சில இடங்களில் முழு ரத்தத்தில் பார்ப்பார்கள், சில இடங்களில் பிளாஸ்மாவில். அதனால் வேலூரில் எடுத்த எண்ணையும் மதுரையில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரே லேபில், ஒரே முறையில் எடுத்த எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் சரி. எவ்வளவு வந்தால் மருந்து தொடங்குவது என்பதும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வேறுபடும். வாட்ஸாப் குழுவில் இன்னொருவர் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில் பிரயோஜனம் இல்லை.

நான்தான் டோனர். என் செல்லோடு சேர்ந்து வைரஸ் அவனுக்குப் போய்விட்டதா?

இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்காமல் ஒரு வாரம் தூங்காமல் இருந்தேன். கடைசியில் வார்டு நர்ஸ் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்கு அன்று விளங்கவில்லை: “அக்கா, உங்களுக்கு சிஎம்வி இருந்தது அவருக்கு நல்லதுதான்.”

விஷயம் இதுதான். சிறுநீரக மாற்றில், வைரஸ் உள்ளவரின் உறுப்பு வைரஸே பார்க்காதவருக்குப் போவதுதான் ஆபத்து. ஸ்டெம் செல் மாற்றில் கணக்கு தலைகீழ். நோயாளிக்கு ஏற்கெனவே சிஎம்வி இருந்து, டோனருக்கு இல்லாவிட்டால்தான் தொந்தரவு அதிகம். ஏனென்றால் போவது உறுப்பு இல்லை, எதிர்ப்புச் சக்தியே போகிறது. சிஎம்வியோடு வாழ்ந்து பழகின டோனரின் டி செல்களில் அந்த வைரஸை அடையாளம் தெரிந்த செல்கள் இருக்கும். அவையும் சேர்ந்தே போகின்றன. அதைப் பார்த்தே இராத டோனரின் செல்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். தம்பிக்கும் எனக்கும் இருவருக்குமே முன்பே சிஎம்வி இருந்தது மாற்றுக்கு முந்தைய ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதியிருந்தது. படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

நோயாளிக்கு இல்லாமல் டோனருக்கு மட்டும் இருந்தால் செல் வழியாகப் போக வாய்ப்பு உண்டுதான். நம் ஊரில் பெரியவர்களில் சிஎம்வி இல்லாத நோயாளி கிடைப்பதே அரிது.

மருந்து தொடங்கி ஒரு வாரம் ஆகிறது, எண் இறங்காமல் ஏறுகிறதே?

முதல் ஒன்றிரண்டு வாரம் அப்படி ஏறுவது உண்டு. மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஸ்டீராய்டு அதிகமாக ஓடிக்கொண்டிருந்தால் இறங்க இன்னும் நாளாகும். சரியான அளவில் இரண்டு வாரத்துக்கு மேல் கொடுத்தும் இறங்கவே இல்லை என்றால்தான் வைரஸ் மருந்துக்கு மசியாத வகையாக மாறிவிட்டதா என்று பரிசோதிப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக மாரிபாவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது.

கான்சைக்ளோவிர் போட்டதும் ஏறின கவுண்ட் இறங்கிவிட்டதே?

அந்த மருந்தின் பெரிய குறை அதுதான். வைரஸை அடக்கும்போதே மஜ்ஜையையும் அழுத்தும். வாரத்தில் இரண்டு மூன்று தடவை ரத்தம் எடுப்பது அதற்காகத்தான். கவுண்ட் ரொம்ப இறங்கினால் ஊசி போட்டு ஏற்றுவார்கள், அல்லது ஃபாஸ்கார்நெட் என்ற இன்னொரு வைரஸ் மருந்துக்கு மாற்றுவார்கள். ஃபாஸ்கார்நெட் மஜ்ஜையை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் இறக்கும். வாயைச் சுற்றி மரத்துப்போவது போலவோ விரல் நுனியில் ஊசி குத்துவது போலவோ இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, வெட்கப்பட்டு யாரும் சொல்ல மாட்டார்கள்: அந்த மருந்து சிறுநீரில் வெளியேறும்போது பிறப்புறுப்பில் புண் வரலாம். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும், பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு கொடுக்கும் வால்கான்சைக்ளோவிர் மாத்திரையைப் பாதியாக உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்கக் கூடாதா?

தடுக்கலாம். லெட்டர்மோவிர் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தது. அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில், 24 வாரத்துக்குள் மருந்து கொடுக்க வேண்டிய அளவுக்கு சிஎம்வி வந்தவர்கள், ஆய்வை முடிக்காமல் விலகியவர்களையும் சேர்த்து, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 61 சதவீதம். லெட்டர்மோவிர் எடுத்தவர்களில் சுமார் 38 சதவீதம். கவுண்ட்டை இறக்காது என்பது இதன் பெரிய நன்மை. பொதுவாக நூறாவது நாள் வரை கொடுப்பார்கள். ஆபத்து நீடிப்பவர்களுக்கு இருநூறு நாள் வரை தரலாம் என்று 2023இல் விரிவாக்கினார்கள்.

இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். இது சிஎம்விக்கு மட்டுமான மருந்து, அக்கியையோ வாய்ப்புண் வைரஸையோ தொடாது. ஆகவே அசைக்ளோவிரை நிறுத்திவிடாதீர்கள். சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கு இதன் அளவு பாதி. பக்கத்துப் படுக்கைக்காரர் 480 மில்லிகிராம் போடுகிறார், எங்களுக்கு ஏன் 240 என்று சண்டை போட வேண்டாம். விலைதான் நம் குடும்பங்களுக்குப் பெரிய சுமை. எல்லாருக்கும் கொடுக்காமல், ஆபத்து அதிகமானவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனைகள் உண்டு.

வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஜிவிஹெச்டியா வைரஸா என்று டாக்டர்களே சொல்ல மாட்டேன் என்கிறார்களே?

சொல்ல மாட்டேன் என்பதில்லை, பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் ஒரே மாதிரிதான் போகும், ஒரே மாதிரிதான் வலிக்கும். ஆனால் வைத்தியம் எதிரெதிர். ஜிவிஹெச்டி என்றால் ஸ்டீராய்டை ஏற்ற வேண்டும். வைரஸ் என்றால் ஸ்டீராய்டு அதற்குத் தீனி போட்ட மாதிரி. தப்பான பக்கம் போனால் நிலைமை மோசமாகும்.

அதனால்தான் குழாய் விட்டுக் குடலில் சின்னத் துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்புகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் சிஎம்வி புகுந்த செல் வீங்கி, நடுவில் ஆந்தைக் கண் போலத் தெரியும் என்று நோயியல் டாக்டர்கள் சொல்வார்கள். ரத்தத்தில் பிசிஆர் நெகட்டிவாக இருந்தும் குடலில் சிஎம்வி இருப்பது உண்டு. ‘ரத்தத்தில்தான் ஒன்றுமில்லையே, இந்த எண்டாஸ்கோப்பி எதற்கு’ என்று கையெழுத்துப் போடத் தயங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். தயங்காதீர்கள். சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அப்போது டாக்டர்கள் இரண்டு பக்கமும் சமன் பார்த்து நடப்பது கயிற்றின் மேல் நடப்பதுதான்.

சிறுநீரில் ரத்தமும் கட்டியும் வருகிறது. கிட்னி போய்விட்டதா?

பெரும்பாலும் பிரச்சினை கிட்னியில் இல்லை, சிறுநீர்ப்பையில். மாற்று நடந்த ஒரு வாரத்துக்குள் வந்தால் சைக்ளோபாஸ்ஃபமைடு போன்ற கீமோ மருந்தின் எரிச்சலாக இருக்கலாம். மூன்று நான்கு வாரம் கழித்து வந்தால் சந்தேகம் பிகே வைரஸ் மேல். 1971இல் ஒரு சிறுநீரக மாற்று நோயாளியின் சிறுநீரில் முதலில் கண்டுபிடித்து, அவர் பெயரின் முதலெழுத்துகளையே வைத்துவிட்டார்கள். நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்து, சிறுநீர்ப் பாதையில் ஒடுங்கியிருக்கும். பெற்றோரோ பிள்ளையோ பாதிப் பொருத்தத்தில் செல் கொடுக்கும் ஹாப்லோ மாற்றில் இது அதிகம்.

உயிருக்கு ஆபத்து குறைவு, வேதனை அதிகம் என்ற ரகம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போகத் தோன்றும், போனால் எரியும், கட்டி வந்து அடைத்தால் ஆள் துடித்துவிடுவார். பிகேவுக்கு என்று நிச்சயமாகக் கேட்கும் மருந்து இன்னும் இல்லை. நிறைய டிரிப்ஸ், பிளேட்லெட் ஏற்றுவது, வலி மருந்து, கட்டி அடைத்தால் மூன்று வழிக் குழாய் போட்டு இரவு பகலாகப் பையைக் கழுவுவது. சிடோஃபோவிர் சிலருக்குத் தருவார்கள், அது கிட்னியைப் பாதிக்கும் என்பதால் யோசித்துத்தான். டி செல் தேறத் தேறத் தானாகவே அடங்கும், வாரக்கணக்கில் ஆகலாம். அந்த வாரங்களில் நோயாளி எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வலி அப்படி.

அப்பா காலையில் வந்துபோன டாக்டரை மதியம் நினைவில்லை என்கிறார். தூக்கக் கலக்கமா?

காத்திருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். மாற்று நடந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள், பழையதெல்லாம் நினைவிருந்து இப்போது நடந்தது மட்டும் மறந்துபோனால் ஹெச்ஹெச்வி-6 மூளையழற்சியைச் சந்தேகிப்பார்கள். வலிப்பு வரலாம், ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். எம்ஆர்ஐயும் முதுகுத் தண்டு நீரும் பார்த்து, கான்சைக்ளோவிரோ ஃபாஸ்கார்நெட்டோ தொடங்குவார்கள். கூடவே இருக்கும் அட்டெண்டர்தான் இதை முதலில் கவனிக்க முடியும். ரவுண்ட்ஸில் இரண்டு நிமிடம் பார்க்கிறவருக்கு ஆள் சாதாரணமாகத்தான் பேசுவார்.

நூறில் ஒருவருக்கு இந்த வைரஸின் மரபுப்பொருள் பிறவியிலேயே குரோமோசோமில் ஒட்டியிருக்கும். டோனரோ நோயாளியோ அப்படிப்பட்டவராக இருந்தால் பிசிஆரில் எண் எக்கச்சக்கமாக வரும், ஆனால் நோய் இருக்காது.

ஈபிவி என்கிறார்களே, அது என்ன?

எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964இல் கண்டுபிடித்தது. மற்றவை செல்லைக் கெடுக்கும், இது பி செல் என்ற வெள்ளணுவைப் பெருகவைக்கும். காவலுக்கு டி செல் இல்லாதபோது அந்தப் பெருக்கம் லிம்போமா என்ற நெறிக்கட்டிப் புற்றுநோய் மாதிரி ஆகிவிடும். காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது அறிகுறி. மாற்றுக்கு முன், டி செல்களைக் குறைக்கும் ஏடிஜி மருந்து பெற்றவர்களுக்கு ஆபத்து அதிகம். அடக்கும் மருந்தைக் குறைத்து, பி செல்லை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து போடுவார்கள். சீக்கிரம் பிடித்தால் நன்றாகக் கேட்கும்.

மாற்று நடந்து எட்டு மாதம். இடுப்பைச் சுற்றிக் கொப்புளம். ஊரில் அக்கி எழுதச் சொல்கிறார்கள்.

நம் ஊரில் அக்கி என்றால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வது வழக்கம். என் பாட்டிக்கும் எழுதினார்கள், ஆறிவிட்டது. ஆரோக்கியமான உடம்பில் அக்கி தானாகவே ஆறும், பெயர் காவிக்குப் போகும். மாற்று நடந்த உடம்பில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. உடைந்த கொப்புளத்தின் மேல் மண் பூசினால் பாக்டீரியாவும் சேரும். மூன்று நாளுக்குள், முடிந்தால் அன்றைக்கே, மருந்து தொடங்கியாக வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணைப் பிடிக்கலாம், அன்றே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கொப்புளமே வராமல் தாங்க முடியாத வயிற்று வலியும், ஈரல் பரிசோதனை எகிறுவதுமாக இந்த வைரஸ் வருவது உண்டு. கொப்புளம் சில நாள் கழித்துத்தான் தெரியும், சிலருக்குத் தெரியாமலே போகும். சாதாரண வயிற்று வலி என்று பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமே ‘எனக்கு மஜ்ஜை மாற்று நடந்திருக்கிறது’ என்பதாக இருக்கட்டும்.

அல்லோ மாற்றுக்குப் பிறகு அசைக்ளோவிர் குறைந்தது ஒரு வருடம், அடக்கும் மருந்து ஓடும்வரை அதற்கு மேலும். நல்ல தண்ணீர் குடித்துப் போட வேண்டும். வாசலில் வேப்பிலை சொருகின வீட்டுக்குள் போகாதீர்கள். உள்ளே அம்மை என்று ஊருக்குச் சொல்லும் அந்தப் பழைய வழக்கம் மாற்று நோயாளிகளுக்கு எவ்வளவு உதவி! தெரியாமல் போய்விட்டால் கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஹெபடைடிஸ் பி எங்களுக்கு இல்லை என்று ரிப்போர்ட் சொல்கிறது. பிறகு ஏன் அதற்கான என்டெகாவிர் மாத்திரை?

மேலோட்டப் பரிசோதனை நெகட்டிவாக இருந்தாலும், எப்போதோ வந்து போனதன் தடம் ‘கோர் ஆன்டிபாடி’ என்ற இன்னொரு பரிசோதனையில் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு ஈரலுக்குள் வைரஸின் மிச்சம் இருக்கும். மாற்றுக்குப் பிறகு, பழைய எதிர்ப்புச் சக்தியின் நினைவும் அழிந்த பின், அது எழலாம். ஆபத்தான நேரம், எல்லா மருந்தும் குறைந்து எல்லாரும் நிம்மதியாக இருக்கும் நேரம். மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஈரல் தாங்காது. என்டெகாவிரோ டெனோஃபோவிரோ, அடக்கும் மருந்து நின்ற பிறகும் ஒரு வருடமாவது தொடரும். தீர்ந்துபோனால் ‘அப்புறம் வாங்கலாம்’ என்று விட்டுவிடாதீர்கள்.

நிலவேம்பு, கபசுரக் குடிநீர் கொடுக்கலாமா? எதிர்ப்புச் சக்தி கூடுமே?

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது உள்ளே இருப்பது அவருடைய எதிர்ப்புச் சக்தி இல்லை, டோனருடையது. அதைத் தட்டி எழுப்பினால் அது வைரஸை மட்டும்தான் பார்க்கும் என்று யார் உறுதி தருவது? தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கினால் அதுதான் ஜிவிஹெச்டி. டாக்ரோலிமஸ் அளவு வேறு ஊசி முனையில் நிற்கும் விஷயம். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் மாதிரிப் பழங்களே அதை ஏற்றிவிடும், கஷாயத்தைப் பற்றி என்ன சொல்ல?

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. போலியோ சொட்டு மருந்து முகாம் வருகிறதே?

நல்ல கேள்வி, நிறைய பேர் கேட்க மறந்துவிடுவது. சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். மாற்று நோயாளி இருக்கும் வீட்டுக் குழந்தைக்கு ஊசி வழி போலியோ தடுப்பு மருந்து போடலாமா என்று குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். சொட்டு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா? பதற்றம் வேண்டாம். நோயாளி டயப்பர் மாற்றக் கூடாது, மாற்றுகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரோட்டா வைரஸ் சொட்டுக்கும் இதே கவனம். மற்றபடி வீட்டிலுள்ள எல்லாரும் வருடாவருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நோயாளிக்குப் பெரிய பாதுகாப்பு.

நோயாளிக்கு மாற்றுக்கு முன் போட்ட தடுப்பூசிகளின் பலன் ஏறக்குறைய போய்விடும். கைக்குழந்தை மாதிரி முதலிலிருந்து போட வேண்டும். பெரும்பாலும் மூன்றாவது அல்லது ஆறாவது மாதத்தில் தொடங்குவார்கள். உயிருள்ள வைரஸ் உள்ள தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் மட்டும் இரண்டு வருடம் கழித்து, அதுவும் ஜிவிஹெச்டியும் அடக்கும் மருந்தும் இல்லாதவர்களுக்குத்தான். அக்கிக்கான புதிய ஊசி உயிருள்ள வைரஸ் இல்லாதது, இந்தியாவில் 2023இல் வந்தது. ஆட்டோ மாற்று நோயாளிகளிடம் செய்து 2019இல் வெளியான பெரிய ஆய்வில் அது அக்கியை சுமார் 68 சதவீதம் குறைத்தது.

டி செல்லையே தனியாக ஏற்றினால் என்ன?

அந்த யோசனைக்கு வயது முப்பதுக்கு மேல். டோனரின் ரத்தத்திலிருந்து சிஎம்வியை அடையாளம் தெரிந்த டி செல்களைப் பிரித்து வளர்த்து ஏற்றலாம் என்று 1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் சியாட்டிலில் காட்டினார்கள். ஈபிவிக்கு எதிரான ஒரு டி செல் மருந்துக்கு ஐரோப்பாவில் 2022இல் அனுமதியும் கிடைத்தது. ஆனால் ஒரே மருந்தில் பல வைரஸ்களையும் அடக்கலாம் என்று பெரிய அளவில் நடந்த ஆய்வுகள், பலன் தெரியாததால் 2023 டிசம்பரில் நிறுத்தப்பட்டன. நம்பிக்கை தரும் துறைதான், ஆனால் இணையத்தில் ஒரு செய்தியைப் படித்துவிட்டு வீட்டை விற்கக் கிளம்ப வேண்டாம்.

நூறு நாள் முடிந்தது. ஊருக்குப் போகலாமா?

டாக்டர் விட்டால் போகலாம். நூறு என்பது சிஎம்வி அதிகம் வரும் காலம் முடிகிற ஒரு மைல்கல், அவ்வளவுதான். ஸ்டீராய்டு ஓடுகிறவர்களுக்கும், லெட்டர்மோவிரை நிறுத்தினவர்களுக்கும் அதற்குப் பிறகும் வரும். ஊரில் எந்த லேபில் பிசிஆர் எடுப்பது, ரிப்போர்ட்டை யாருக்கு அனுப்புவது, ராத்திரி காய்ச்சல் அடித்தால் எந்த எண்ணைக் கூப்பிடுவது, மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று உட்காராமல் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினால், வறட்டு இருமல் வந்தால், பார்வையில் புள்ளி மிதந்தால், அதுவும் அப்படியே.

ஒருமுறை அடங்கினது மறுபடி வருமா?

வரலாம். தம்பிக்கு வந்தது. எழுபதாவது நாள் வாக்கில் தோலில் ஜிவிஹெச்டி, அதற்கு ஸ்டீராய்டு, ஸ்டீராய்டின் பின்னாலேயே மறுபடி சிஎம்வி. இரண்டாவது தடவை யாரும் அழவில்லை. மூன்று வாரம் மாத்திரை போட்டான், எண் இறங்கியது, தொடர்ந்து இரண்டு நெகட்டிவ் வந்ததும் நிறுத்தினார்கள். அவன் மாத்திரை டப்பாவில் கடைசியாக மிஞ்சியிருந்தது அசைக்ளோவிர். இரண்டாவது வருடத்தில் அதுவும் நின்றது. டப்பாவில் இப்போது அம்மா கிராம்பு போட்டு வைத்திருக்கிறார்.